மலையில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி: டிஜிட்டல் குறிப்பேட்டைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பத்துக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சிறிய காபித் தோட்டம் ஒன்று இருக்கிறது. தம்பி மலையில் இருந்து தோட்டத்தைப் பார்க்கிறான். நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு கணக்கு வழக்குகளைப் பார்க்கிறேன். மழைமானி அளவு, கூலி, உரம், மிளகுக் கொடி ஏற்றிய மரங்களின் எண்ணிக்கை, பழம் பறித்த எடை என்று அத்தனையும் சில ஆண்டுகளாகக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் ஒன்றாக ஓடும் குறிப்பேட்டில்தான் எழுதி வருகிறோம்.

ஓர் ஏப்ரல் மாதம், பூமழை (காபி மொட்டுகளை மலரச் செய்யும் கோடை மழை) பெய்த மறுநாள் காலையில் தம்பி மழைமானியைப் பார்த்து 28 மில்லிமீட்டர் என்று கைபேசியில் எழுதினான். எங்கள் தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது. அன்று பகலில் நான் மடிக்கணினியில் அதே நாளுக்கான பக்கத்தைத் திறந்து உர மூட்டைச் செலவை எழுதினேன். இரவு அவன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் ஒரே நாளுக்கு இரண்டு கோப்புகள் உண்டாகிவிட்டன. ஒன்றின் பெயர் ஒழுங்காக இருந்தது. மற்றதன் பெயரில் ஆங்கிலச் சொல்லும் நீண்ட எண் வரிசையும் வாலாக ஒட்டியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்த நான், அந்த வால் உள்ள கோப்பைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டேன். மே மாதம் தம்பி கேட்டான்: "அக்கா, பூமழைக் கணக்கை நான் எழுதியிருந்தேனே, காணவில்லையே?" பூமழை எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்பதை வைத்துத்தான், அடுத்த மழை தவறினால் எப்போது தண்ணீர் தெளிப்பது என்று நாங்கள் முடிவெடுக்கிறோம். அந்த ஆண்டு ஞாபகத்தை நம்பி முடிவெடுத்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்து பார்த்துத் தேர்ந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் முக்கியமானதே வரிசைதான். குறிப்பேடு கலைந்து கிடக்கிறது என்றால் எல்லோருக்கும் முதலில் அழிக்கத்தான் கை போகிறது. ஒத்திசைவு, அதாவது ஒரு கருவியில் எழுதியது மற்றக் கருவிகளுக்கும் போய்ச் சேர்வது, சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் அழித்தால், ஒரே பிரதியாக இருந்ததையும் இழந்துவிடுவோம். அல்லது அழித்தது இன்னொரு கருவியிலிருந்து மறுநாளே திரும்பி வந்து நிற்கும். ஆகவே முதலில் நகல், பிறகு ஒத்திசைவு, பிறகு முரண்பட்ட கோப்புகள், அதன் பிறகுதான் குப்பை.

நாளும் இடமும்

அரை நாள் ஒதுக்குங்கள். குறிப்பேட்டில் எழுதும் கருவிகள் எல்லாம் ஒரே அறையில், ஒரே வைஃபையில், முழு சார்ஜோடு இருக்க வேண்டும். தம்பியை நான் சேலத்துக்கே வரச் சொல்லிவிடுவேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் சாலையில் எந்த வளைவில் கைபேசி இணையத்தோடு பேசும், எந்த வளைவில் பேசாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சரிபார்ப்பு நடக்கும் நேரத்தில் பாதிக் கோப்புகள் வழியில் நிற்கக் கூடாது. வேலை முடியும்வரை யாரும் புதிதாக எதையும் எழுதக் கூடாது. அவசரமாகக் குறிக்க ஏதாவது வந்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

குறிப்புகள் எங்கெங்கே வாழ்கின்றன

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் நீங்கள் குறிப்பு எழுதிய இடங்கள் அனைத்தையும் எழுதுங்கள். ஒன்றிரண்டு இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். எழுதி முடித்தபோது எட்டு இருந்தன: மடிக்கணினியில் ஒப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் கோப்புறை, இரண்டு கைபேசிகளில் அதன் பிரதிகள், கூகுள் கீப், கைபேசியோடு வந்த குறிப்புச் செயலி, வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிய செய்திகள், மின்னஞ்சல் வரைவுகள், கூலிப் பதிவேட்டைப் படமெடுத்து வைத்த புகைப்படத் தொகுப்பு.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள். எந்த மின்னஞ்சல் கணக்கில் அது இயங்குகிறது, எந்தச் சேவை வழியாக ஒத்திசைகிறது, கடைசியாக அதைத் திறந்தது எப்போது. முதல் விவரத்திலேயே பல வீடுகளின் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்துவிடும். புதுக் கைபேசி வாங்கியபோது வேறொரு கணக்கில் நுழைந்திருப்பார்கள். குறிப்புகள் இரண்டு கணக்குகளில் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கும். ஒத்திசைவு வேலை செய்யவில்லை என்று வருந்துவார்கள். உண்மையில் அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை.

இன்னொன்றையும் தாளில் பாருங்கள்: ஒரே கோப்புறையை இரண்டு சேவைகள் பிடித்திருக்கின்றனவா? ஐகிளவுடுக்குள் இருக்கும் கோப்புறையை இன்னொரு செயலியும் ஒத்திசைத்தால், ஒன்று எழுதுவதை மற்றது புதிய மாற்றம் என்று எண்ணும். இரண்டும் மாறி மாறி எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு கோப்புறைக்கு ஒரு சேவைதான். மற்றதை அணைத்துவிடுங்கள்.

அழிக்கும் முன் நகல்

ஒத்திசைவும் பேக்கப்பும் ஒன்றென்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. ஒத்திசைவு ஒரு கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் தனியாக, அசையாமல் இருக்கும் நகல். உங்களிடம் கண்ணாடிகள் எத்தனை இருந்தாலும் நகல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

குறிப்புகள் சாதாரணக் கோப்புகளாக இருக்கும் செயலி என்றால், கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுங்கள். ஒப்சிடியன் பயன்படுத்துபவர்கள், புள்ளியில் தொடங்கும் மறைந்த அமைப்புக் கோப்புறையும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஜாப்லின் என்ற குறிப்புச் செயலி தன் எல்லாக் குறிப்புகளையும் படங்களோடு ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து தரும். கூகுள் கீப்பில் இருப்பதை கூகுள் டேக்அவுட் வழியாக இறக்கிக்கொள்ளலாம். எவர்நோட் செயலியின் இலவசத் திட்டத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் முதல் அத்திட்டத்தில் 50 குறிப்புகளுக்கும் ஒரு குறிப்பேட்டுக்கும் மேல் புதிதாக உருவாக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்றவை இடத்தை மிச்சப்படுத்த, நெடுநாள் திறக்காத கோப்பைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்திருக்கும். பக்கத்தில் சிறிய மேகக் குறி தெரியும். அப்படி இருப்பது வெறும் பெயர்ப்பலகை. நகலெடுக்கும் முன், அந்தக் கோப்புறையை வலது பொத்தானால் அழுத்தி, எப்போதும் இந்தக் கருவியிலேயே வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்து, எல்லாம் இறங்கும்வரை காத்திருங்கள்.

நகல் எடுத்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, பென் டிரைவிலிருந்து பத்துக் குறிப்புகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் இரண்டிலாவது படம் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மிகப் பழைய குறிப்புகளாக இருக்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நான் நகலாக எண்ணுவதில்லை. இதைத் தம்பியின் கைபேசியிலும் தனியே செய்யுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஒத்திசையாமல் தங்கிய வரிகள் அந்தக் கைபேசியில் மட்டும்தான் இருக்கும்.

ஒத்திசைவைச் சோதித்தல்

ஒவ்வொரு கருவியிலும் 'சோதனை' என்ற சொல், கருவியின் பெயர், அப்போதைய மணி ஆகியவற்றோடு ஒரு குறிப்பை உருவாக்குங்கள். மடிக்கணினியில் எழுதியது கைபேசிகளுக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது, கைபேசியில் எழுதியது மடிக்கணினிக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓடும் ஒத்திசைவு அடிக்கடி உண்டு. பிறகு அதே குறிப்பில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். கைபேசியைப் பூட்டிவைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கடைசியாகச் சோதனைக் குறிப்பை ஒரு கருவியில் அழித்து, மற்றவற்றிலிருந்தும் போகிறதா என்று பாருங்கள்.

செயலி திறந்திருக்கும்போது வருகிறது, பூட்டினால் வருவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பேட்டரி சேமிப்பு. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளை உறங்க வைத்துவிடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். டேட்டா சேமிப்பு இயங்கினால் அதிலும் விலக்குக் கொடுங்கள். தம்பியின் கைபேசியில் நடந்தது இதுதான். மாலை சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தாலும், அவன் செயலியைத் திறக்கும்வரை மழைக் கணக்கு மேலே ஏறவே இல்லை.

எதுவுமே நகரவில்லை என்றால் சேமிப்பிடத்தைப் பாருங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. குடும்பக் குழுக்களில் வந்து குவியும் காணொளிகள் அந்த 15 ஜிபியை நிரப்பிவிட்டால், டிரைவ் வழியாக ஓடும் குறிப்பேடும் நின்றுவிடும். ஐகிளவுட், ஒன்டிரைவ் இரண்டிலும் இலவச அளவு 5 ஜிபி. டிராப்பாக்ஸில் 2 ஜிபி.

கடிகாரத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒத்திசைவுச் சேவைகள் பலவும் எந்தப் பிரதி புதியது என்பதைக் கோப்பு மாறிய நேரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. ஒரு கைபேசியில் நேரம் கையால் வைக்கப்பட்டு, அரை மணி பின்தங்கியிருந்தால், அங்கே இப்போது எழுதியதும் பழையதாகக் கருதப்படும். எல்லாக் கருவிகளிலும் நேரத்தைத் தானியங்கியாக வையுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு கருவியிலும் மொத்தக் குறிப்புகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள். எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்புறை கோப்புறையாக எண்ணுங்கள். வேறுபாடு எந்தக் கோப்புறையில் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண் ஒத்துப்போனாலும் நிம்மதி அடைந்துவிடாமல், கடைசியாக மாறிய பத்துக் குறிப்புகளை இரு கருவிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைசி வரிவரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முரண்பட்ட பிரதிகள்

இரண்டு பேர் இணையமில்லாத நேரத்தில் ஒரே குறிப்பைத் திருத்தினால், நல்ல சேவைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்கு வேறு பெயர் சூட்டும். இந்தப் பெயர்களை அடையாளம் காணத் தெரிய வேண்டும். டிராப்பாக்ஸ் 'கான்ஃபிளிக்டட் காப்பி' (conflicted copy) என்று ஆங்கிலத்தில் சேர்க்கும். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் செயலி 'சிங்க்-கான்ஃபிளிக்ட்' (sync-conflict) என்பதோடு தேதியையும் நேரத்தையும் சேர்க்கும். மாறிய நேரம் பழையதாக உள்ள பிரதிக்கே அந்தப் பெயர் போகும். ஒன்டிரைவ் கணினியின் பெயரை வாலாக ஒட்டும். ஐகிளவுட் வெறும் 2 என்ற எண்ணைச் சேர்த்துவிட்டுப் போய்விடும். அதனால் அது கண்ணில் படுவதே கடினம். ஜாப்லினில் முரண்பட்டவை தனிக் குறிப்பேடாக ஒதுங்கி நிற்கும். அந்தக் குறிப்பேடு மற்றக் கருவிகளுக்கு ஒத்திசையாது என்பதால், ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, கிடைப்பதை எல்லாம் 'பார்க்க வேண்டியவை' என்ற கோப்புறைக்கு நகர்த்துங்கள். எதையும் அழிக்காதீர்கள். பழைய நேரம் உள்ளது பயனற்றது என்று எண்ணாதீர்கள். எங்கள் ஏப்ரல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வால் ஒட்டிய பிரதியில் இருந்தது இவ்வளவுதான்:

'காலை 7 மணி. மழை 28 மி.மீ. கீழ்ப்பங்கில் மொட்டு நன்றாக இருக்கிறது. சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து வேலி மேல் கிடக்கிறது.'

ஒழுங்கான பெயர் கொண்ட பிரதியில்:

'லீ பஜாரிலிருந்து உரம் 6 மூட்டை. வண்டி வாடகை தனி. ரசீது படம் கீழே.'

காலையில் எழுதியது பழையது, பகலில் எழுதியது புதியது. ஆனால் இரண்டும் வேண்டும். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் மட்டும் உள்ள வரிகளை மற்றதில் ஒட்டி, ஒட்டிய வரியின் முன்னால் 'மலையிலிருந்து' என்று குறித்து, சேர்ந்த பிரதி எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே வால் உள்ளதை நீக்க வேண்டும். ஒரு கோப்புக்கு இரண்டு நிமிடம் ஆகும். நாற்பது இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்க எந்தக் குறுக்குவழியும் எனக்குத் தெரியாது; தேடவும் வேண்டாம் என்பேன்.

ஏற்கெனவே அழித்துவிட்டவர்கள் உடனே குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். கூகுள் கீப்பில் அழித்தவை 7 நாள்தான் இருக்கும். கூகுள் டிரைவிலும் டிராப்பாக்ஸின் இலவசத் திட்டத்திலும் 30 நாள். ஒப்சிடியனில் கோப்பு மீட்பு என்ற உள்ளமைந்த வசதி, நீங்கள் மாற்றாதவரை 7 நாள் பழைய வடிவங்களை வைத்திருக்கும். அது அந்தந்தக் கருவியில் மட்டும் இருப்பதால், எழுதிய கருவியிலேயே தேட வேண்டும். நான் மே மாதத்தில் தேடினேன், நாள் கடந்துவிட்டிருந்தது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

தமிழில் தலைப்பு எழுதும் நமக்கு மட்டும் சில சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றால் உண்டாகும் குழப்பத்தைப் பலரும் செயலியின் கோளாறு என்று நினைத்துக் கைவிடுகிறார்கள். அப்படிக் கைவிட்டு ஆங்கிலத் தலைப்புக்கு மாறத் தேவையே இல்லை.

முதலாவது நீளம். ஆண்ட்ராய்டில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்தும் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். 'ஏப்ரல் பூமழைக்குப் பிறகு கீழ்ப்பங்கில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளின் கணக்கு' என்று நான் ஒரு தலைப்பு வைத்தேன். பார்த்தால் பத்துச் சொல், 46 எழுத்து. ஆனால் அதில் 82 தமிழ்க் குறிகள், 246 பைட். ஒன்பது இடைவெளிகளையும் கோப்பின் பின்னொட்டையும் (.md) சேர்த்தால் 258. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அங்கே கோப்பு நன்றாகவே இருந்தது. கைபேசிக்கு மட்டும் வரவே இல்லை. மூன்று பைட் கூடிப்போனதால் ஒரு பருவத்துக் கணக்கு தம்பியின் கண்ணில் படவில்லை. தலைப்பை 25 எழுத்துக்குள் வையுங்கள். விளக்கத்தைக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். பழைய கோப்புகளைப் பெயர் நீளத்தின்படி பார்த்து, நீண்டவற்றைச் சுருக்குங்கள்.

இரண்டாவது கொம்பும் காலும். 'தோ' என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இவை வெவ்வேறு பெயர்கள். அதனால்தான் சிலருடைய கோப்புறையில் 'தோட்டம்' என்று இரண்டு கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக நிற்கின்றன. ஒகர, ஓகார, ஔகாரம் வரும் எந்தப் பெயரிலும் இது நேரலாம். தீர்வு எளிது. உள்ளடக்கத்தை ஒப்பிட்டுச் சேர்த்த பின், ஒன்றின் பெயரை முழுவதும் அழித்துவிட்டு, ஒரே கருவியில் ஒரே விசைப்பலகையால் புதிதாகத் தட்டச்சுச் செய்யுங்கள்.

மூன்றாவது தேடல். 'வௌவால்' என்று தேடினால் எங்கள் குறிப்பேட்டில் இரண்டுதான் கிடைத்தன. வௌவால் தின்று போட்ட காபிப் பழங்களைப் பற்றி நிறைய எழுதியிருந்த நினைவு எனக்கு. பார்த்தால், மற்றவற்றில் எல்லாம் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'வெளவால்' என்று இருந்தது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பௌர்ணமி, மௌனம், கௌரவம் எல்லாவற்றிலும் இந்தப் பிழை உண்டு. இரண்டு வடிவிலும் தேடி, ஒன்றாக மாற்றுங்கள். 'ஸ்ரீ' எழுத்தும் இரு விதமாகச் சேமிக்கப்படுகிறது. இதோடு எழுத்துக்கூட்டல் வேறுபாடும் சேரும்: நான் காபி என்று எழுதுவேன், தம்பி காப்பி என்பான், நாங்கள் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதில் காஃபி என்று இருந்தது. மூன்றும் மூன்று குறிச்சொற்களாக நின்றன. ஒரு தாளில் உங்கள் வழக்கமான இருபது சொற்களை எழுதி, எந்த வடிவம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு, உடுக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது. கைபேசியில் 'கூலி: ஏப்ரல்' என்று வைத்த குறிப்பு மடிக்கணினிக்கு வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தேதியைச் சாய்கோடு இல்லாமல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடைக்கோடு இட்டு எழுதினால், கோப்புகள் தாமாகவே நாள் வரிசையில் நிற்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த குறிப்புகள் இருந்தால், இன்றைய செயலியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டினால் எல்லாச் செயலிகளும் படிக்கும் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழாகிவிடும். எங்கள் அப்பா வைத்திருந்த நாற்றுக் கணக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

இப்போது குப்பை

இவ்வளவுக்கும் பிறகுதான் கழிவு. எடையில் தொடங்குங்கள். கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் முதல் ஐம்பதும் படங்களும் காணொளிகளும் ஒலிப்பதிவுகளுமாக இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து வந்த ஒரே ரசீதுப் படம் இரண்டு மூன்று பெயர்களில் கிடக்கும். படத்தை நீக்கும் முன், அதன் பெயரைக் குறிப்பேட்டில் தேடி, எந்தக் குறிப்பாவது அதைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். குறிப்பை அழித்தாலும் அதிலிருந்த படம் பல செயலிகளில் தங்கிவிடும். யாரும் பயன்படுத்தாத அந்தப் படங்கள்தான் உண்மையான குப்பை.

அடுத்து வெற்றுக் குறிப்புகள், தலைப்பில்லாதவை, ஒரே வரியோடு நின்றவை. ஒரே வரி என்பதற்காக எதையும் தூக்கி எறிய வேண்டாம். 'மேல்வேலி 14 கல்' என்பது உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். மலையில் இருப்பவருக்குப் புரியும். இருவரும் சேர்ந்து உட்காரச் சொன்னது இதற்காகவும்தான்.

உடைந்த இணைப்புகளை இதன் பின் பாருங்கள். ஒரு குறிப்பின் பெயரைச் செயலிக்கு வெளியே, கோப்பு மேலாளரில் மாற்றினால், அதைச் சுட்டும் இணைப்புகள் அறுந்துபோகும். பெயர் மாற்றுவதை எப்போதும் செயலிக்குள்ளேயே செய்யுங்கள்.

எந்த வகையிலும் சேராத குறிப்புகளுக்கு 'பழையவை' என்று ஒரே ஒரு கோப்புறை போதும். உட்பிரிவு வேண்டாம். அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் முடிகிறது. ஒரு முழுப் பருவம் கடந்தும் யாரும் திறக்காத குறிப்பை அங்கே நகர்த்துகிறேன். அழிப்பதில்லை. எழுத்துக் குறிப்புகள் ஆயிரம் இருந்தாலும் ஒரு புகைப்படத்தின் இடம்கூட எடுக்காமல் போகலாம். இடம் மிச்சமாகும் என்று எழுத்தை அழிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

மறுபடி முரண்படாமல் இருக்க

ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எழுதுவதை நிறுத்தியதுதான் எங்களுக்குப் பெரிய விடுதலை. இப்போது ஒரு நாளுக்கு இரண்டு கோப்புகள்: ஒன்று 'மலை' என்று முடியும், மற்றது 'வீடு' என்று முடியும். தம்பி என் கோப்பைப் படிப்பான், எழுத மாட்டான். நானும் அப்படியே. மாதக் கடைசியில் இரண்டையும் ஒரே மாதக் குறிப்பில் நான் சேர்க்கிறேன். காலையில் எழுதும் முன் செயலியைத் திறந்து, ஒத்திசைவுக் குறி அமைதியாகும்வரை காத்திருக்க வேண்டும். மலை ஏறும் முன் அஸ்தம்பட்டி வீட்டிலேயே கைபேசியில் செயலியைத் திறந்து மூட வேண்டும். மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் தம்பி செயலியைத் திறந்து எனக்கு ஒரு வரி அனுப்புவான்.

ஒப்சிடியனில் சன்னல்களின் நிலையைச் சேமிக்கும் அமைப்புக் கோப்பு, செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மாறும். முரண்பட்ட பிரதிகளில் பெரும்பங்கு அதுவாக இருந்தால், ஒத்திசைவுச் சேவையில் அந்த ஒரு கோப்பை மட்டும் விலக்கிவிடுங்கள். குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் முடிந்ததும் மறுபடி எண்ணிக்கை எடுத்து, தாளில் முதல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை நீக்கினோம், எத்தனை சேர்த்தோம் என்பதற்கு அந்த வேறுபாடு கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் குப்பைத் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். கணக்குச் சரியாக இருந்தாலும் தொட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் நாள் வந்ததும் தானாகக் காலியாகட்டும். இரண்டாவது நகல் ஒன்றை எடுத்து, தேதி எழுதி ஒட்டி, முதல் நகலோடு கலக்காமல் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று பீரோவில் தோட்டத்துப் பட்டாவோடு இருக்கிறது. மற்றதைத் தம்பி மலைக்கு எடுத்துப் போய்விட்டான். பூமழைக்கு முன் மார்ச் தொடக்கத்தில் ஒருமுறை, பழம் பறிக்க ஆள் வருமுன் அக்டோபர் கடைசியில் ஒருமுறை அவன் மடிக்கணினிப் பையோடு கீழே இறங்கி வருகிறான்.